மனைவியின் பாட்டி வீட்டுப் பானை விளக்கு: யூத மரபா, வெறும் ஊர்ப் பழக்கமா?

வைகைக்கரை · ஞாயிறு இரவு 10.12

நண்பர்களுக்கு வணக்கம். இங்கே வரலாறு தெரிந்தவர்கள் சிலர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருடமாகப் போர்ச்சுகலில், போர்ட்டோவில் இருக்கிறேன். மனைவி இந்த நாட்டுக்காரர். அவருடைய அம்மா வழிப் பாட்டியின் வீடு வடகிழக்கு மூலையில், பிரகான்சா மாவட்டத்தில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறது. போன நவம்பரில் பாட்டி 91 வயதில் காலமானார். சென்ற வாரம் வீட்டைக் காலி செய்யப் போயிருந்தோம். அடுக்களை அலமாரியின் அடித்தட்டில், சாக்குத் துணிக்குப் பின்னால் ஒரு மண்பானை. உள்ளே சின்னதாக ஓர் எண்ணெய் விளக்கு. பானையின் உட்புறம் முழுக்கப் புகைக்கரி. வெளிப்புறத்தில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"அது அம்மாவுடைய வெள்ளிக்கிழமை விளக்கு, செத்தவர்களுக்காக ஏற்றுவாள்" என்றார் மாமியார். விளக்கைப் பானைக்குள் இறக்கி, அலமாரிக் கதவையும் சாத்திவிடுவாராம். மச்சான் கொஞ்ச நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, நாம் யூதர்கள்" என்றான். மாமியார் பதில் பேசாமல் பானையை வாங்கிக்கொண்டு போய்த் தன் காரின் பின்சீட்டில் வைத்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு சரியில்லை.

எனக்கு வெட்கம் என்னவென்றால், இத்தனை வருடமாக எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. பாட்டி வாசலிலிருந்து உள்பக்கமாகத்தான் பெருக்குவார். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வீட்டு வேலை, குளியல், மாற்றுத்துணி எல்லாம் முடிந்துவிடும். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் தன் வீட்டுக் குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். முட்டையை உடைத்ததும் ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தூக்கிப் போடுவார். மதுரைப் பக்கம் வளர்ந்த எனக்கு இதில் எதுவுமே விசித்திரமாகப் படவில்லை. எங்கள் அப்பத்தாவும் விளக்கு வைத்த பிறகு விளக்குமாற்றைத் தொட விடாது. நல்ல ஆச்சாரமான பாட்டி என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஒரே இடறல், யூதர்கள் விலக்கும் பன்றியை அவர்கள் சாப்பிடுவார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்கும் போவார்கள். மாமியார் பிடித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்: "வருஷா வருஷம் பன்றி அடிக்கிற வீட்டில் யூதராவது கீதராவது!"

இதை எப்படி உறுதி செய்வது? செய்யத்தான் வேண்டுமா?

கோபி_வாசி · ஞாயிறு இரவு 11.05

பாட்டிக்கு என் அஞ்சலி. ஆனால் நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் எங்கள் ஆத்தாவும் யூதர்தான். வெள்ளிக்கிழமை விளக்கு உண்டு, விளக்கு வைத்தபின் பெருக்காமை உண்டு, சாவுத் தீட்டுக்குத் தண்ணீரைக் கொட்டுவதும் உண்டு. கத்தோலிக்கர்கள் செத்த ஆன்மாக்களுக்கு விளக்கேற்றுவது உலகம் முழுக்க நடக்கிறது. மச்சான் இணையத்தில் ஏதோ பட்டியலைப் படித்திருப்பார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் எந்தப் பாட்டியும் அகப்படுவார்.

பழஞ்சோறு · ஞாயிறு இரவு 11.20

எங்கள் ஆயாவும் முட்டையை உடைத்துப் பார்க்கும். ரத்தப் பொட்டு இருந்தால் அதைத்தான் எனக்குப் பொரித்துக் கொடுக்கும். சேதாரம் ஆகக்கூடாதாம்.

ஆவணப்பூச்சி · திங்கள் காலை 7.48

கோபி சார் சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்தப் பட்டியல் இணையத்தில் பிறந்தது இல்லை. அதை எழுதி வைத்தது இன்குவிசிஷன், அதாவது கத்தோலிக்க மத விசாரணை மன்றம்.

சுருக்கமாகப் பின்னணி. 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபோது பெருங்கூட்டம் எல்லை தாண்டிப் போர்ச்சுகலுக்குள் வந்தது. பிரகான்சா அந்த எல்லையிலேயே இருக்கிறது. நாலே வருடத்தில், 1496 டிசம்பரில், போர்ச்சுகல் மன்னர் மனுவேலும் வெளியேற்ற ஆணை போட்டார். ஆனால் அவருக்கு அவர்களை இழக்கவும் மனமில்லை. 1497 வசந்தத்தில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கப்பல் ஏற லிஸ்பனுக்கு வந்தவர்களுக்குக் கப்பல் கிடைக்கவில்லை, தண்ணீர் தெளிப்புதான் கிடைத்தது. 'நின்றபடி ஞானஸ்நானம் பெற்றவர்கள்' என்று போர்ச்சுகீசில் ஒரு சொல்லாட்சி உண்டு. கைக்குழந்தையாக இல்லாமல் வளர்ந்த ஆளாக நின்று, விருப்பமில்லாமல் பெற்றவர்கள். அவர்களுக்குப் 'புதுக் கிறிஸ்தவர்' என்று பெயர். அந்தப் புதுப் பெயர் பேரன், கொள்ளுப்பேரன் காலத்திலும் பழையதாகவில்லை. 1773இல் போர்ச்சுகலின் முதன்மை அமைச்சர் பொம்பால் சட்டம் போட்டுத்தான் பழைய, புதுக் கிறிஸ்தவர் என்ற பாகுபாட்டை ஒழித்தார்.

1506இல் லிஸ்பனில் மூன்று நாள் கலவரத்தில் ஆயிரக்கணக்கான புதுக் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். 1536இல் இன்குவிசிஷன் வந்தது, 1821 வரை இருந்தது. லிஸ்பன், கோயிம்ப்ரா, ஏவோரா என்று மூன்று நீதிமன்றங்கள். கடல் தாண்டி கோவாவில் ஒன்று, 1560 முதல்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். கோயிலில் பூசை நேரத்தில் ஓர் அறிக்கை வாசிப்பார்கள். சனிக்கிழமை யார் வீட்டில் வெளுத்த துணி உடுத்துகிறார்கள், வெள்ளிக்கிழமை யார் புதுத் திரி போடுகிறார்கள், சாவு வீட்டில் யார் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், தெரிந்தால் வந்து சொல்லுங்கள், சொல்லாவிட்டால் நீங்களும் குற்றவாளி என்று. வேடிக்கை என்னவென்றால், புத்தகமும் இல்லாமல் ரபியும் (யூத மதகுரு) இல்லாமல் மூன்று தலைமுறை கழிந்தவர்களுக்கு, யூதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று நினைவூட்டியதும் அதே அறிக்கைதான்.

பன்றிக்கறி எதிர்ச் சாட்சி ஆகாது. புகைபோக்கிக்குக் கீழே தொத்திறைச்சி தொங்காத வீட்டின் மீதுதான் ஊர்க் கண் விழும். உங்கள் பக்கத்து மிரான்டேலா ஊரின் அல்யேரா என்ற தொத்திறைச்சிக்கு இதை வைத்தே கதை சொல்வார்கள். பன்றிக்குப் பதில் கோழியும் ரொட்டியும் பூண்டும் அடைத்துப் பார்வைக்குப் பன்றித் தொத்திறைச்சி மாதிரியே கட்டித் தொங்கவிட்டார்கள் என்று. அதை ஊர்க்கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபி சாருக்கு என் கேள்வி ஒன்றுதான். உங்கள் ஆத்தா விளக்கை எங்கே வைப்பார்? மாடத்தில், நடுவீட்டில், நாலு பேர் பார்க்கிற இடத்தில். செத்தவர்களுக்கு ஏற்றும் கத்தோலிக்க விளக்கும் அப்படித்தான். விளக்கு ஏற்றுவது எல்லா ஊரிலும் உண்டு. ஏற்றிய விளக்கைப் பானைக்குள் இறக்கி, அலமாரியில் வைத்து, கதவைச் சாத்துவது எந்த ஊர் வழக்கம்?

வைகைக்கரை தம்பி, மாமியாரிடம் 'யூதர்' என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் அது பல தலைமுறையாக வசைச் சொல். வேறு மாதிரி கேளுங்கள். பாட்டி பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏதாவது சொல்லிக் கொடுத்தாரா? செப்டம்பர் வாக்கில் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாரா? கோயில் வாசல்படி ஏறும்போது வாய்க்குள் ஏதாவது முணுமுணுத்தாரா?

முத்துக்கரையான் · திங்கள் மதியம் 1.30

நான் தூத்துக்குடி. குடும்பப் பெயர் பெரைரா. மூன்று வருடம் முன்பு ஓர் இணைய நிறுவனத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தேன். 'உங்கள் பெயர் செபார்டிய (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி) யூதப் பெயர்' என்று வந்தது. பணம் கட்டினால் சான்றிதழ் என்றார்கள். ஆசை யாரை விட்டது, கட்டினேன். தங்க எழுத்தில், தாவீது நட்சத்திரத்தோடு ஒரு தாள் வந்தது. வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. பெரைரா என்றால் பேரி மரமாம், ஒலிவேரா என்றால் ஒலிவ மரமாம், மதம் மாற்றப்பட்ட யூதர்கள் எல்லாம் மரப்பெயர் வைத்துக்கொண்டார்களாம். உண்மையா அக்கா?

ஆவணப்பூச்சி · திங்கள் மாலை 6.15

அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பேரப்பிள்ளைகள் சிரிக்க வேண்டாமா!

மரப்பெயர்க் கதை போர்ச்சுகலிலேயே பரவலாக உண்டு, ஆனால் ஆதாரமாக நிற்காது. புதுக் கிறிஸ்தவர்கள் ஞானத்தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அதாவது பழைய கிறிஸ்தவர்களின் பெயரை. பெயரைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கக்கூடாது என்பதற்காகத்தானே பெயரே மாற்றியது? உங்கள் கடற்கரையிலும் நடந்தது அதுதான். 1530களில் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றபோது போர்ச்சுகீசியப் பெயர்கள் வந்தன. சவேரியார் 1542இல் கோவாவில் வந்து இறங்குவதற்கு முன்பே நீங்கள் பெரைராக்கள். உங்கள் பெயருக்கு வேர் தேடினால் முத்துச்சலாபத்தில் கிடைக்கும், லிஸ்பன் ஜெப ஆலயத்தில் கிடைக்காது.

ஆனால் பெயரே முழுச் சாட்சியாக நிற்கும் ஓர் இடமும் இருக்கிறது. ஸ்பெயினின் மயோர்கா தீவு. அங்கே சுவேதா என்று, மதம் மாறிய யூதர்களின் வழிவந்த ஒரு கூட்டம், மொத்தமே பதினைந்து குடும்பப் பெயர்கள்: அகிலோ, போனின், வால்ஸ், மிரோ, பினியா என்று. 1691இல் இன்குவிசிஷன் நடத்திய தீர்ப்புச் சடங்குகளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை. அவர்களுடைய தண்டனை அங்கிகளைப் பெயரோடு மடத்தில் தொங்கவிட்டார்கள், 1820 வரை தொங்கின. அதனால் தீவில் யாரும் எதையும் மறக்க வழியில்லை. வேறு யாரும் பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை. அவர்களுக்குள் பலர் உள்ளபடியே பக்தியான கத்தோலிக்கர்கள். நம்பிக்கை போன பிறகும் சாதி மட்டும் மிஞ்சியது என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

நெறியாளர் · திங்கள் இரவு 9.00

இஸ்ரேல் அரசியல் பற்றிய ஆறு பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

வைகைக்கரை · சனி மாலை 5.40

அக்கா சொன்னபடி கேட்டேன். அதாவது நான் கேட்கவில்லை, மனைவி கேட்டாள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் என்றதும் மாமியார் சிரித்துவிட்டார். "அம்மாவுக்கு வருஷா வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் வயிறு சரியிருக்காது. ராத்திரி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. திராட்சை தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்பாள்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். நாற்பது வருடமாக ஒரே மாதத்தில் வயிற்றுவலி வருமா என்று அவருக்கே அப்போதுதான் தோன்றியது போல.

அப்புறம் மெதுவாக வந்தது. பன்னிரண்டு வயதில் ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாட்டி அவருக்கு ஒரு ஜெபம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவருடைய தம்பிகளுக்குச் சொல்லவில்லை. எல்லாம் போர்ச்சுகீசுதான், பாதி மறந்துவிட்டது. நடுவில் ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் தெரியவில்லை: 'அதுனாய்'. ஒரு நாள் ஆற்றில் துணி துவைக்கும்போது அதைப் பாட்டு மாதிரி பாடியிருக்கிறார். பாட்டி ஈரக்கையோடு வாயிலேயே அடித்தாராம். அதனால் அது ஏதோ கெட்ட வார்த்தை என்று இத்தனை காலமாக நினைத்திருக்கிறார். 66 வயது அவருக்கு. கெட்ட வார்த்தையை ஏன் ஜெபத்தில் வைத்தார்கள் என்று யோசிக்கவில்லையா என்று மனைவி கேட்டதற்கு, "அம்மாவிடம் யார் கேட்பது?" என்றார்.

கோபி_வாசி · சனி மாலை 6.02

அதோனாய்! எபிரேயத்தில் 'ஆண்டவர்'. சரி, ஆத்தாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆவணப்பூச்சி · சனி இரவு 8.30

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1917இல் இதே சொல் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற போலந்து யூதர், சுரங்கப் பொறியாளர், உங்கள் பகுதிக்குத் தெற்கே பெல்மோன்ட் என்ற ஊருக்கு வேலையாகப் போகிறார். (பிரேசிலைக் கண்டடைந்த கப்ராலின் சொந்த ஊரும் அதுதான்.) ஒரு கடைக்காரரைக் காட்டி, 'அவனிடம் வாங்காதே, அவன் யூதன்' என்று யாரோ சொல்ல, இவருக்கு ஆவல் பிறக்கிறது. அந்தக் குடும்பங்களோ இவரை நம்பவில்லை. தங்களைத் தவிர உலகத்தில் வேறு யூதர்கள் இருப்பதும், வெளிப்படையாக வாழ்வதும், எபிரேயம் என்று ஒரு மொழி இருப்பதும் அவர்களுக்குப் புதுச் செய்தி. கடைசியில் ஒரு முதியவள், உங்கள் ஜெபம் எதையாவது சொல்லுங்கள் என்கிறாள். அவர் 'ஷெமா' என்ற யூதர்களின் முக்கிய ஜெபத்தைச் சொல்கிறார். அதோனாய் என்ற சொல் வந்த இடத்தில் பெண்கள் கையால் கண்களை மூடிக்கொள்கிறார்கள். இவர் யூதர்தான், அதோனாய் பெயர் இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று முதியவள் தீர்ப்புச் சொல்கிறாள். நானூறு வருடத்தில் மிஞ்சியிருந்த எபிரேயம் கிட்டத்தட்ட அந்த ஒரு சொல்தான். 1925இல் ஷ்வார்ஸ் அந்த ஜெபங்களைத் தொகுத்து வெளியிட்டார்.

அந்த ஊரிலும் ஜெபம் பெண்கள் கையில்தான். செப்டம்பர் வாக்கில் வரும் பெரிய நோன்பை, 'தூய நாள்' என்பார்கள், உளவாளிகள் எதிர்பார்க்கிற தேதிக்கு ஓரிரு நாள் தள்ளித்தான் பிடிப்பார்கள். எஸ்தர் அரசி அவர்களுக்குப் புனித எஸ்தர். அரண்மனையில் தன் குலத்தைச் சொல்லாமல் வாழ்ந்தவள் அல்லவா, அவளைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. கோயிலுக்குள் நுழையும்போது, மரத்தையும் கல்லையும் வணங்க வரவில்லை என்ற பொருளில் ஒரு வரியை முணுமுணுத்துக்கொள்வார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்கிறேன். வெளியிலிருந்து ரபிகள் வந்தார்கள். யூதச் சட்டப்படி அவர்கள் முறையாக மதம் மாற வேண்டியிருந்தது. 1996இல் அழகான ஜெப ஆலயம் திறந்தார்கள். தொழுகையை முன்னின்று நடத்துவது ஆண்கள், மொழி எபிரேயம். இத்தனை நூற்றாண்டு காப்பாற்றிக் கொண்டுவந்த பாட்டிகள் பின்வரிசைக்குப் போனார்கள். அவர்களில் சிலர் பழைய முறையையே வீட்டுக்குள் தொடர்ந்தார்கள், இந்த முறை ரபிக்குத் தெரியாமல். எனக்கு அந்தப் பாட்டிகள் பக்கம்தான் சாய்வு, மறைக்கவில்லை.

வார்சா_மழை · ஞாயிறு காலை 11.15

நான் போலந்தில் இருக்கிறேன். இங்கே ரகசியம் ஐந்நூறு வருடத்துப் பழசு இல்லை, ஒரே தலைமுறைதான். அதனால் சூடு அதிகம். 1943இல் நாஜிகள் பிடியில் இருந்த வில்னியஸ் பக்கத்தில் ஒரு யூதத் தாய், ஒரு போலந்துப் பெண்ணிடம் கைக்குழந்தையைக் கொடுக்கிறாள். நீ நம்புகிற இயேசுவும் யூதர்தானே, அவருக்காக இவனைக் காப்பாற்று, வளர்ந்து பாதிரியார் ஆவான் என்கிறாள். அவன் உண்மையிலேயே பாதிரியார் ஆனான். ரோமுவால்ட் வாஷ்கினெல். வளர்ப்புத் தாய் உண்மையைச் சொன்னது 1978இல், அவருக்கு 35 வயதில். பிறகு பெற்ற தகப்பனின் பெயரையும் தேடிக் கண்டுபிடித்து, வெக்ஸ்லெர்-வாஷ்கினெல் என்று இரண்டு குடும்பத்தையும் பெயரிலேயே சுமந்தார். கடைசியில் இஸ்ரேலுக்குப் போனார்.

அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த மேடலின் ஆல்பிரைட் கதை தெரிந்திருக்கும். 1997இல் ஒரு பத்திரிகையாளர் தோண்டியபோதுதான் அவருடைய குடும்பம் யூதக் குடும்பம் என்பதும், தாத்தா பாட்டிகளில் மூன்று பேர் நாஜிகளால் மாண்டதும் வெளியே வந்தன. உனக்கு எப்படித் தெரியாமல் இருந்திருக்கும் என்று உலகமே கேட்டது. ஹங்கேரியில் இன்னும் கொடுமை. யூத வெறுப்பைப் பேசிய கட்சியின் முன்னணித் தலைவர் சாநாத் செகெதி, 2012இல் தன் அம்மாவைப் பெற்ற பாட்டி ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து தப்பி வந்தவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

உங்கள் மாமியாரை அவசரப்படுத்தாதீர்கள். இங்கே சாகும் தறுவாயில் சொல்லிவிட்டுப் போகும் பாட்டிகள் உண்டு. கேட்டுவிட்டு, 'சொல்லாமலே போயிருக்கலாம்' என்று கோபப்படும் பிள்ளைகளும் உண்டு.

கோபி_வாசி · ஞாயிறு மதியம் 2.50

ஒரு சொல் கிடைத்ததும் எல்லாரும் உருகிவிட்டீர்கள். என் சந்தேகத்தையும் பதிவு செய்துவிடுகிறேன், யாராவது செய்ய வேண்டும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இதேபோல ஒன்று நடந்தது. 1980களில் மாநில வரலாற்றாளராக இருந்த ஸ்டான்லி ஹோர்டெஸ் அலுவலகத்துக்கு ஸ்பானியக் குடும்பத்தினர் வந்து, எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள், கல்லறையில் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தார்கள். பெரிய செய்தியானது. அப்புறம் ஜூடித் நியூலாண்டர் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் எதிர்த்து எழுதினார். சின்ன வயதில் யூதப் பம்பரம் விளையாடினோம் என்று சிலர் சாட்சி சொல்லியிருந்தார்கள். ஹனுக்கா என்ற யூதப் பண்டிகையில் விடும் அந்தப் பம்பரம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களுடையது, ஸ்பெயினிலிருந்து போனவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சனிக்கிழமை ஓய்வையும் பன்றி விலக்கையும் இருபதாம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சபைகள் கொண்டுவந்திருக்கலாம் என்றார் அவர். ஹோர்டெஸ் ஆவணங்களோடு பதில் சொன்னார். சண்டை முடிந்தபாடில்லை.

போர்ச்சுகலிலேயே அந்தோனியோ ஜொசே சரைவா என்ற வரலாற்றாசிரியர் ஒரு படி மேலே போனார். இன்குவிசிஷன் யூதர்களைக் கண்டுபிடிக்கவில்லை, உற்பத்தி செய்தது என்றார். பிடிபட்டவன் உயிர் பிழைக்க வேண்டுமானால் 'ஆமாம், ரகசியமாக யூத நெறியைக் கடைப்பிடித்தேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கூடவே நாலு பேரைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டும். அப்படி வந்த வாக்குமூலத்தை எவ்வளவு நம்புவது?

பேசாமல் டிஎன்ஏ பரிசோதனை செய்துவிட்டால் என்ன?

ஆவணப்பூச்சி · ஞாயிறு இரவு 9.10

சரைவா வாதம் கனமானது. அவரோடு இஸ்ரேல் ரெவா என்ற அறிஞர் நேருக்கு நேர் மோதினார். எனக்குப் படுவது இது. அந்த வாக்குமூலங்களில் எது பொய், எது மெய் என்று ஒரு வழக்குக் கட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் உற்பத்தி மட்டுமே என்றால் 1821க்குப் பிறகு விளக்கு ஏன் எரிந்தது, யாரைத் திருப்திப்படுத்த?

டிஎன்ஏ பற்றி. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, ஐபீரிய (ஸ்பெயின், போர்ச்சுகல்) ஆண்களின் தந்தைவழி மரபணுவில் சராசரியாக 19.8 விழுக்காடு செபார்டிய யூத மூலம் என்றது. அந்த அடையாளங்கள் கிழக்கு மத்தியதரைக் கடலிலிருந்து அதற்கு முன்னரே வந்தவர்களாலும் இருக்கலாம் என்ற மறுப்பும் உடனே எழுந்தது. அதாவது உங்கள் மச்சானுக்கு ஏதாவது வந்தாலும், அவர் பக்கத்தில் நின்று காபி குடிப்பவருக்கும் அதே வரலாம். ஒரு விஷயத்தில் மட்டும் மரபணு விளையாட்டல்ல. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் ஒன்று, யூதர்களிடம் அதிகம் காணப்படுவது, கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு ஸ்பானியக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இருக்கிறது. மாமியார் வழியில் புற்றுநோய் இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். அடையாளத்துக்கு அல்ல, உடம்புக்கு.

அடையாளத்துக்கு லிஸ்பனில் தோரே தோ தொம்பு ஆவணக்காப்பகம் இருக்கிறது. மூன்று நீதிமன்றங்களின் வழக்குக் கட்டுகள், நாற்பதாயிரம் அளவுக்கு. பெரும்பகுதி இணையத்திலேயே படமாகக் கிடைக்கிறது. பிரகான்சா கோயிம்ப்ரா நீதிமன்றத்தின் கீழ் வரும். கிராமப் பெயரை அடித்துத் தேடுங்கள். கைதானவரிடம் 'வம்ச அமர்வு' என்று ஒன்று நடத்துவார்கள். அப்பா, அம்மா, இரு பக்கத் தாத்தா பாட்டி, மாமன், அத்தை, உடன்பிறந்தார், பிள்ளைகள், யார் உயிரோடு, யார் எங்கே என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள், அடுத்து யாரைப் பிடிக்கலாம் என்பதற்காக. இன்று வம்சம் தேடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சுரங்கம் கிடையாது. கோவா நீதிமன்றத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, கட்டுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

கோவா என்றதும் ஒன்று. கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர், இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் கோவாவிலேயே அச்சிட்டு நூல் வெளியிட்டவர், 1568இல் கௌரவமாகச் செத்தார். மறு வருடம் அவருடைய தங்கை கத்தரினாவை யூத நெறிக்காக எரித்தார்கள். விசாரணையில் அண்ணனும் ரகசிய யூதர் என்று வெளிவர, 1580இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள். இன்றைக்குப் பணஜியில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது.

வைகைக்கரை · இரண்டு வாரம் கழித்து, சனி இரவு 11.30

தேடினோம். கிராமத்துப் பெயருக்கு ஒன்பது கட்டுகள் வந்தன. ஒன்றில் பாட்டியின் அம்மாவுடைய குடும்பப் பெயர். 1700களின் தொடக்கம். ஒரு செருப்புத் தைப்பவரின் மனைவி, 34 வயது, குற்றம்: யூத நெறி. ஆவணப்பூச்சி அக்கா இரண்டு ராத்திரி தனிச்செய்தியில் கூடவே இருந்து அந்தக் கிறுக்கல் எழுத்தைப் படித்துக் காட்டினார். (அக்கா, நன்றி என்ற சொல் போதாது.) ஆயுள் சிறையும் தண்டனை அங்கியும் என்று தீர்ப்பு. அந்த நாளில் 'ஆயுள்' என்பது பெரும்பாலும் சில வருடங்கள்தானாம். யார் உனக்குக் கற்றுக்கொடுத்தது என்ற கேள்விக்கு, பன்னிரண்டு வயதில் அம்மாவின் அக்கா சொல்லிக் கொடுத்தாள் என்று பதில்.

அவள் எங்கள் வம்சமா? தெரியாது. இடையில் ஐம்பது வருடத்துக்கான பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகள் இல்லை. அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். மச்சானுக்கு ஏமாற்றம்தான்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதல் கேள்வி, "யார் காட்டிக்கொடுத்தது?" கட்டின் முன்பகுதியில் இருக்கிறது, அவளுடைய சொந்தத் தங்கை. மனைவி சொல்லிவிட்டாள். கூடவே, குற்றம் சாட்டியவர் பெயரைக் கைதிக்குச் சொல்லமாட்டார்கள் என்பதையும். அவள் யார் யாரையோ சந்தேகித்து, தன் மாமியாரையும் பக்கத்து வீட்டுக்காரியையும் கொழுந்தனையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். தங்கை பெயரை மட்டும் சொல்லவே இல்லை.

மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவளுக்கே சொல்லாததை எனக்கு எதற்குச் சொன்னீர்கள்?" என்றார்.

கோபி_வாசி · ஞாயிறு காலை 6.55

இதற்கு என்னிடம் பதில் இல்லை நண்பரே.

ஆவணப்பூச்சி · ஞாயிறு காலை 8.20

தங்கையும் உள்ளே இருந்தபடிதான் சாட்சி சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். அக்கா பெயரைச் சொல்லாவிட்டால் 'முழுமையான வாக்குமூலம் இல்லை' என்று அவளை எரித்திருப்பார்கள். அவளுக்கும் ஒரு கட்டு இருக்கும். தேதியைப் பாருங்கள், மாமியாரிடம் அதையும் சொல்லுங்கள்.

பழஞ்சோறு · ஞாயிறு காலை 9.00

கனமான இழையில் இதைக் கேட்கக்கூடாதுதான், ஆனால் அடுத்த மாதம் போர்ட்டோ வருகிறேன். அந்தக் கோழித் தொத்திறைச்சி எங்கே கிடைக்கும்?

வைகைக்கரை · ஞாயிறு மாலை 4.15

பழஞ்சோறு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள், இப்போது பெரும்பாலானவற்றில் பன்றி சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், மாமியார் செய்வதில் கோழி மட்டும்தான்.

அக்கா, தங்கையின் கட்டு கிடைத்துவிட்டது. இன்னும் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு தானே வருவதாகவும், தான் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்றும் மாமியார் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அன்றைக்கு இரவு நேரம் இருக்குமா?

ஆவணப்பூச்சி · ஞாயிறு மாலை 4.18

இருப்பேன். எட்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்.